அறுநூற்றுப் பதினான்கு பாட்டில்களும் ஒரு வாயும்

காலை ஐந்தரை மணிக்கு ஐயம்பெருமாள் தன் மனைவியின் தயிர்சாதத்தில் கை வைத்தார். அன்றைக்குப் பட்ட பாடு அத்தனைக்கும் அந்த ஒரு கவளம்தான் காரணமாகப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பார். பக்கத்தில் மாவடு வேறு இருந்தது.

தயிர் அவருக்கு ஆகாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் மாற்றியபோது டாக்டர் போட்ட தடை அது. உயிருள்ள கிருமி எந்த ரூபத்திலும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் தயிர் என்பது அனுசுயாவுக்கு மட்டும். ஐயம்பெருமாள் ஆறு வருஷமாக அதைத் தூர நின்று பார்த்துவிட்டு ரசத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவர்.

அனுசுயா குளியலறையில் இருந்தாள். கதவுத் தாழ் சத்தம் கேட்டது. அவசரத்தில் விழுங்கியதில் கவளம் தொண்டையில் நின்றது. கைக்கெட்டிய தூரத்தில் அவளுடைய பாட்டில். மூன்று லிட்டர், அன்றைக்கு அவள் பங்காக வந்த புதுப் பாட்டில். மூடியின் மூக்கை உதட்டில் பொருத்தி ஒரு வாய் உறிஞ்சினார். மூடியில் பச்சை விளக்கு எரிந்தது. உதட்டை எடுத்ததும் டிக்கென்று தானே மூடிக்கொண்டது. சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்த்த தகப்பன் மாதிரி ஒரு கணம் பூரித்துப்போனார். அந்த மூடியைக் கண்டுபிடித்ததே அவர்தான்.

பிறகு கேரியரில் பள்ளம் தெரியாமல் சாதத்தைத் தட்டிச் சமப்படுத்தினார். அனுசுயா வந்து இரண்டையும் பைக்குள் வைத்து, வேனில் ஏறிப் போனாள். கரையோர உப்பளங்களில் முகாம் போட்டு, தொழிலாளர்களுக்குக் கண் சோதனை செய்வது அவள் வேலை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் அங்குள்ளவர்களின் கண்ணைச் சிறுகச் சிறுகத் தின்றுகொண்டிருந்தது. அவள் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் உப்பளத்துப் பெண்கள் அவளைக் கண்ணு டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பதினொரு மணிக்கு அலுவலகத்தில், திரையில் தெரிந்த சென்னை மேலாளர் நரேனுக்கு ஐயம்பெருமாள் தன் மூடியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். நரேன் புதிது. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

குடல் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய வருஷம் அது. ஒருவர் குடித்த பாட்டிலை இன்னொருவர் குடித்துத்தான் பாதிப் பேர் படுத்தார்கள். அப்போதுதான் வயிற்றைத் தைத்துக்கொண்டு வீடு வந்திருந்த ஐயம்பெருமாளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் மறுநாள் காரியம்தான். பயத்தில் பலருக்குத் தூக்கம் கெடும். இவருக்கு மூளை வேலை செய்தது. முதலில் குடித்த வாயை நினைவில் வைத்துக்கொள்ளும் மூடி. ஒவ்வொரு வாயிலும் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம் கைரேகை மாதிரி தனித்தனி. மூடி அதை ஒரு தடவை படித்துவிட்டால் பிறகு வேறு யார் வாய்க்கும் திறக்காது. ‘தனிவாய்’ என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் சட்டமாக்கியது. திறந்த தண்ணீர் விற்பது குற்றமாயிற்று. ஆளுக்கு ஒரு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு வாய்.

“முதல் மாடல் ஏன் சார் ஃபெயில் ஆச்சு?” என்றார் நரேன்.

“நம்ம ஆளுங்களாலதான் சார். முந்நூறு பேர்கிட்ட குடுத்தோம். ஒருத்தர் வாயும் பதிவாகல. பாத்தா, எல்லாரும் அண்ணாந்து குடிச்சிருக்காங்க. எச்சில் பண்ணாமக் குடின்னு சின்ன வயசுல மண்டையில தட்டித் தட்டி வளத்த ஜனம். நானே அப்படித்தான். அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.” சிரித்தார். “அப்புறம் உதடு ரெண்டும் கவ்விப் பிடிச்சாத்தான் தண்ணி வரும்னு மூக்கு வச்சேன். ஊரே எச்சில் பண்ணக் கத்துக்கிச்சு.”

“சரி. இந்த ஒரே வாய்ப் பிரச்சினை?”

திரையில் கடலோர வரைபடம் விரிந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே கரையை ஒட்டிச் சிவப்புப் புள்ளிகள். அறுநூற்றுப் பதினான்கு பாட்டில்கள். அத்தனையும் ஒரே ஒரு வாய்க்குச் சொந்தம் என்று மூடிகள் சொல்லின.

“அறுநூறு பாட்டில்ல குடிக்கிற மனுஷன் கிடையாது சார். உப்புக் காத்துல சென்சார் கெட்டுப்போச்சு. எட்டாவது மாடல்ல சரி பண்ணிட்டேன். மனுஷ எச்சிலைத் தவிர வேற எதையும் அது வாய்னே ஒத்துக்காது.”

“அப்ப இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள உங்க ஒப்புதலை அனுப்பிடுங்க. நாளைக்கு உற்பத்தி ஆரம்பம்.”

“அனுப்பிடறேன் சார். எல்லாத்துக்கும் ஆதாரம் ஒண்ணுதான். முதல் வாய்தான் ராஜா. அந்த வாய் யாருதோ, பாட்டில் சாகிற வரைக்கும்...”

ஐயம்பெருமாள் நிறுத்தினார். வாய் திறந்தபடியே நின்றது.

காலையில், அனுசுயா இன்னும் குடிக்காத பாட்டிலில், முதல் வாய் அவருடையது.

“சார்? படம் நின்னுபோச்சா?” என்றார் நரேன். நின்றுபோனது படம் இல்லை.

அனுசுயாவுக்கும் இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். இன்னொன்று ஆறு வருஷமாக ஐயம்பெருமாளின் வயிற்றுக்குள் இருக்கிறது. தண்ணீர் குறையவே கூடாது, வெயிலில் போனால் கேட்கவே வேண்டாம் என்று டாக்டர் அவளிடம் எழுதியே கொடுத்திருந்தார். அன்றைக்கு வெயில் நாற்பத்தாறு டிகிரி. அவள் போய் ஐந்து மணி நேரம் ஆகிறது. அவளுடைய உறுப்பை எடுத்துக்கொண்டது போதாதென்று, தண்ணீரையும் தன் வாய்க்கு எழுதி வைத்துக்கொண்ட மகானுபாவன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அழைத்துப் பார்த்தார். உப்பளத்துச் சூட்டில் போன் அணைந்துவிடும் என்று அதை வேனிலேயே வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். மணி அடித்து ஓய்ந்தது.

மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். இருபத்தைந்து கிலோமீட்டர். ஹெல்மெட்டுக்குள் கம்பெனி உதவி எண்ணை அழைத்தார். இனிமையான இயந்திரக் குரல் எடுத்தது.

“வணக்கம். தங்கள் தாகம் எங்களுக்கு முக்கியம்.”

அந்த வாக்கியத்தை எழுதியவர் ஐயம்பெருமாள். எழுதிய அன்று அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

“என் பொண்டாட்டி பாட்டில்ல நான் முதல்ல குடிச்சுத் தொலைச்சிட்டேன். அவ எப்படிக் குடிக்கது?”

“தங்கள் மூடி தங்களை மட்டுமே அறியும். அதுவே அதன் சிறப்பு.”

“சிறப்பெல்லாம் எனக்குத் தெரியும். அவ வெயில்ல நிக்கா. அவசரம்.”

“அவசரத்தில் பதற்றம் வேண்டாம். புதிய வாய் பதிவாகும்போது நீல விளக்கு எரியும். பழகிய வாய்க்குப் பச்சை. அந்நிய வாய்க்குச் சிவப்பு.”

“விளக்கு எரியட்டும் தாயி. அவசரத் திறப்பு உண்டா, கிடையாதா?”

“அருமையான கேள்வி.”

அதையும் இவர்தான் எழுதியிருந்தார். இணைப்பைத் துண்டித்தார். பதில் அவருக்கே தெரியும். அவர் வரைந்த முதல் படத்தில் அவசரத் திறப்பு இருந்தது. ஒரு கூட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது ஐயம்பெருமாள் வடையைத் தின்றபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். பாட்டிலை அறுத்தாலோ உடைத்தாலோ உள்ளே கசப்பு மருந்து கலந்துவிடும். அது அடுத்த கூட்டத்தில் அவரே சொன்ன யோசனை.

பாதி வழியில்தான் தன்னுடைய பாட்டில் மேஜைமேலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. திரும்ப நேரமில்லை.

ஸ்கூட்டர் ஓட ஓட, நான்கு வருஷமாக அவர் மனசுக்குள் அமுக்கி வைத்திருந்த விஷயம் மேலே வந்தது. தனிவாய் சட்டமான முதல் கோடையில் இதே உப்பளத்தில் ஓர் ஆள் செத்துப்போனான். பெயர் சேவியர். கூட வேலை செய்தவர்களின் பாட்டில்களில் தண்ணீர் இருந்தது என்று பேச்சு. மூடியாலா என்று கம்பெனியில் கேட்டார். விசாரணை நடக்கிறது என்றார்கள். அடுத்த வருஷம் கேட்டபோது விசாரித்தவர் மாறிப்போனார் என்றார்கள். சேவியர் செத்த வாரம் அங்கே முகாமுக்குப் போயிருந்த அனுசுயாவிடமும் கேட்டார். “அன்னைக்கு வெயில் ரொம்ப,” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

உப்பளம் வந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையெல்லாம் உப்புக் குவியல். ஓலைக் கொட்டகை ஒன்றின் கீழே நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸும். இவரைப் பார்த்ததும் ஒருத்தி மடியிலிருந்த எதையோ சேலைக்குள் இழுத்து மறைத்தாள்.

“கண்ணு டாக்டரம்மா எங்கன இருக்கா?”

“இப்பதான் அந்தால போனாவ,” என்றாள் ஒருத்தி. கை மட்டும் நாலு திசையையும் காட்டியது.

“தண்ணி குடிச்சாளா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “குடிச்சிருப்பாவ.”

“எப்படி? எப்படிக் குடிச்சா?”

“வாயாலதான் அண்ணாச்சி.”

சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல் தாழ்ந்து கேட்டது: “ஏட்டி, இவுக மூடிக்காரர்லா. டாக்டரம்மா வீட்டுக்காரர்.”

கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பூட்ஸில் மண் புகுந்துவிட்டது மாதிரி குனிந்துகொண்டார்கள்.

ஐயம்பெருமாள் வரப்பில் ஓடினார். அவருக்கு ஓட வராது. ஓடுவது போல நடக்க வரும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்குமா, மயங்கியிருப்பாளா, எந்தப் பாத்தியில் எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறோம் என்று பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே போனார். தன் வாய் ஒன்றுதான் சாவி, அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். நான் உறிஞ்சி அவள் வாயில் ஊற்றுவேன். அது ஒன்றுதான் வழி.

இரண்டாவது குவியலைச் சுற்றியதும் அவளைப் பார்த்தார்.

அனுசுயா குவியலின் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். தலையை நன்றாக அண்ணாந்து வாயைத் திறந்திருந்தாள். அவள் எதிரில் கருத்து மெலிந்த ஒரு பெண், அனுசுயாவின் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்து, மூடியின் மூக்கை இரண்டு விரல்களால் உதடு கவ்வுவது போலப் பிடித்திருந்தாள். மூடியில் பச்சை விளக்கு எரிந்தது. தண்ணீர் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கி அனுசுயாவின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

மனிதர்கள் அப்படிக் குடிப்பதை ஐயம்பெருமாள் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்படியே உப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க? நீங்க எங்க இங்க?” அனுசுயா வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“உன் பாட்டிலு... காலையில நான்... முதல் வாய் நான் குடிச்சிட்டேன். திறக்காதுன்னு...”

“திறந்துச்சே.”

“அதான் எப்படின்னு கேக்கேன்!”

அனுசுயா கண்ணைச் சுருக்கினாள். “காலையில நீங்க குடிக்கும்போது என்ன விளக்கு எரிஞ்சுது?”

“பச்சை.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. புது வாய் என்றால் நீலமல்லவா எரிய வேண்டும். அந்த மூடி அவர் குடிப்பதற்கு முன்பே ஒரு வாயை அறிந்திருந்தது. அந்த வாய் என்று நினைத்துத்தான் அவருக்குத் திறந்திருக்கிறது.

“பச்சையா,” என்றாள் அனுசுயா மெதுவாக. “அப்ப தயிர்சாதத்துல கைய வச்சியளா?”

மாட்டிக்கொண்ட கள்ளன் கூட அவ்வளவு திருட்டு முழி முழித்திருக்க மாட்டான்.

“ஒரே ஒரு கவளம்...”

“டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? என் கிட்னிய வச்சுக்கிட்டு என்ன விளையாட்டு இது?”

“அது கிடக்கட்டும். தயிருக்கும் மூடிக்கும் என்ன?”

மெலிந்த பெண் இடுப்பிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு கரண்டித் தயிர். அந்தச் சம்படத்துக்கும் ஒரு மூடி இருந்தது. யார் திறந்தாலும் திறக்கிற மூடி.

“புதுப் பாட்டில் வந்ததும் யாரும் வாய வைக்க முந்தி, வெரல்ல தயிரைத் தொட்டு மூக்குல தடவிருவோம்,” என்றாள். “நீலம் எரியும். மூடி தயிரை வாய்னு நெனச்சுக்கிடும். பெறவு யார் வெரல்ல அந்தத் தயிரு இருந்தாலும் தொறக்கும்.”

“எந்தத் தயிர்னாலுமா?”

“அதே தயிரா இருக்கணும். எங்க வீட்டு உறையிலதான் பக்கத்து வீட்டுல தயிர் ஊத்துதாவ. அவுக வீட்டுல வாங்கி அடுத்த வீடு. எல்லாம் ஒரே உறைதான அண்ணாச்சி.”

ஐயம்பெருமாளின் கண்முன் காலையில் பார்த்த வரைபடம் விரிந்தது. கரையோரச் சிவப்புப் புள்ளிகள். ஊர் விட்டு ஊர் ஒரே தயிர் எப்படிப் போகும் என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் புள்ளிகளை வரிசையாகத் தொட்டால் கிடைப்பது அனுசுயாவின் கண் முகாம் பாதை. ஒவ்வொரு மாதமும் அவளை வேனேற்றிக் கையசைத்து அனுப்பியவர் அவர்தான்.

“நீயா?” என்றார்.

“உறை கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?” என்று அனுசுயா வேறு பக்கம் பார்த்தாள். “ஒங்க பாட்டில்ல மட்டும் நான் தடவுறதில்ல. அது சுத்தம். பயப்படாதிய.”

“நாலு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா நீங்க சும்மா இருப்பியளா? ராத்திரியோட ராத்திரியா உக்காந்து அதையும் அடைச்சிருவிய. நல்லது பண்ணுறதா நெனச்சுத்தான் அடைப்பிய. ஒங்கள எனக்குத் தெரியாதா?”

அவர் ஏற்கெனவே அடைத்துவிட்டார். எட்டாவது மாடல். மனித எச்சிலைத் தவிர வேறு எதையும் வாயென்று ஒத்துக்கொள்ளாதது. ஐந்து மணிக்குள் ஒப்புதல். அதைச் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. பாதி வெட்கம், பாதி வறட்சி.

மெலிந்தவள் சம்படத்தை மூடி இடுப்பில் செருகினாள். இந்த வெயில் இன்னும் இரண்டு மாதம் அடிக்கும். புது மூடி ஒரு மாதத்தில் வந்துவிடும்.

“சென்சார் கோளாறுன்னு சொன்னதே நான்தான்,” என்றார் ஐயம்பெருமாள். “கோளாறு இல்ல, அங்க எல்லாருக்கும் ஒரே வாய்தான்னு எழுதிப் பாக்கேன். சிரிப்பானுவ. என்னைக் கழட்டி விட்டுட்டு வேற ஆள வச்சும் அடைக்கலாம். தெரியல. ஆனா அவசரத் திறப்பை வைக்காம என் ஒப்புதல் போகாது.”

யாரும் அவரைப் பாராட்டவில்லை. அனுசுயா அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க தண்ணி எங்க?”

“மேஜையில.”

“மேஜையிலயா!” தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நொடி தயங்கினாள். “இனி என்ன, காலையிலயே கவளம் உள்ள போயாச்சு. தூக்கிக் குடிச்சா உதடு படாது. மைனி, கையத் தொடச்சுட்டு இவருக்குக் கொஞ்சம் ஊத்துங்க.”

மெலிந்தவள் சேலைத் தலைப்பில் உள்ளங்கையை அழுந்தத் துடைத்தாள். மறுகையின் இரண்டு விரலில் மட்டும் தயிரைத் தொட்டு மூக்கைப் பிடித்தாள். பாட்டில் உயர்ந்தது. ஐயம்பெருமாள் அண்ணாந்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் தண்ணீர் மூக்கில் போனது, இரண்டாவது சட்டையில். மூன்றாவதுதான் வாய்க்குள் விழுந்தது. அவள் அவசரப்படாமல், கை நடுங்காமல், அவர் விழுங்க விழுங்க நிறுத்தி நிறுத்தி ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டியபோதுதான் பாட்டிலை இறக்கினாள்.

“ஒங்க பேரு என்னம்மா?”

“மரியபுஷ்பம்.”

அனுசுயா சட்டென்று அவர் தோளைத் தொட்டாள். “வெயில் ஏறுது. வாங்க, வேனுக்குப் போவோம்.” நான்கு வருஷத்துக்கு முன்பு துணி மடிக்கப் போனபோது இருந்த அதே குரல். ஐயம்பெருமாளுக்கு அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. இருந்தாலும் எழவில்லை.

“உங்க வீட்டுக்காரர்...” என்றார்.

“சேவியர்.”

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை கேட்டுவிட வேண்டும்.

“எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். வெயிலும்பாவ, விசாரணைம்பாவ. நீங்க சொல்லுங்க. என் மூடியாலதானா?”

மரியபுஷ்பம் பாட்டிலைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்தது. பிறகு அவரை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“ஆமா அண்ணாச்சி. ஒங்க மூடியாலதான். அவர் தண்ணி தீந்துபோச்சு. என் பாட்டில்ல பாதிக்கு மேல கெடந்துச்சு, அவர் வாய்க்குச் செவப்பு எரிஞ்சுது. நான் உறிஞ்சி உறிஞ்சி அவர் வாயில விட்டேன். மூணு வாய்தான் உள்ள போச்சு.”